கரை இறக்கம்

முன் பிரேக்கைத் தொடாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அப்பா பனியைப் பார்த்ததில்லை. அவர் சொன்னது மணலுக்கு. கோடையில் கொள்ளிடம் காய்ந்து கிடக்கும்போது எங்கள் ஊர்ப் பால்காரர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக மாட்டார்கள். கரையேறி, படுகையில் இறங்கி, மணலின் குறுக்கே அக்கரைக்குப் போய்விடுவார்கள். அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளில் கேரியருக்கு இருபுறமும் பால்கேன் தொங்கும். கரை உச்சியில் ஒரு காலை ஊன்றி நிற்பார். பிறகு காலை எடுத்துவிடுவார். இறக்கம் கொடுக்கிற வேகம் மணலில் எவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அவ்வளவும் லாபம். அதற்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

பத்து வயதில் நானும் அதே இறக்கத்தில் விட்டுப் பார்த்தேன். மணல் தொடங்கிய இடத்தில் பயந்துபோய் பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் புதைந்து, நான் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, வாயெல்லாம் மணலோடு எழுந்தேன். அப்பா வந்து தூக்கிவிட்டு, சட்டையைத் தட்டியபடி சொன்னார்: "முன் பிரேக்கத் தொடாத. ஹேண்டில இறுக்காத. கீழ பாக்காத, அக்கரையப் பாரு."

முப்பது வருஷம் கழித்து, பிரான்சில் 3,330 மீட்டர் உயரத்தில், ஒரு பனிச்சரிவின் தலையில் பந்தயத்துக்காகச் சைக்கிளோடு நின்றபோது எனக்கு அந்த மூன்று வாக்கியங்களைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை.

வேலை என்னைக் கிரெனோபிள் நகருக்குக் கொண்டுவந்திருந்தது. எந்தத் தெருவின் முனையில் நின்று பார்த்தாலும் மலை தெரியும் ஊர் அது. மலையே இல்லாத டெல்டாவிலிருந்து வந்தவனுக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டியது, பிறகு அதுவே பழகி ஆசையாக மாறியது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் மலை சைக்கிள் ஓட்டுகிறவர். சனிக்கிழமைகளில் அவரோடு போய்ப் போய் நானும் ஒரு நல்ல சைக்கிள் வாங்கினேன். நான்காம் வருஷம் அவர்தான் சொன்னார், இந்த ஜூலையில் மெகாவலான்ஷுக்குப் பேர் கொடுப்போம் என்று.

அவலான்ஷ் என்றால் பனிச்சரிவு. மெகாவலான்ஷ், பெரும் பனிச்சரிவு. 1995 முதல் ஆல்ப் துவெஸ் மலையில் நடக்கிறது. தொடங்கியவர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ். இறக்கப் பந்தயம் என்றால் வழக்கமாக ஒவ்வொருவராக விடுவார்கள், கடிகாரத்தோடு போட்டி. எட்வர்ட்ஸ் எல்லோரையும் ஒரே கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தி ஒரே நேரத்தில் விட்டார். அதுவும் பனியின் மேல். அப்போது அது பிக் ப்ளான் சிகரத்தில் தொடங்கி, சரென் பனியாற்றின் மேல் இறங்கி, பாறை, புல்வெளி, காடு என்று எல்லாவற்றையும் கடந்து, 720 மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்மோன் கிராமத்தில் முடிந்தது. கழித்துப் பார்த்தால் 2,610 மீட்டர் இறக்கம். நம் தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டாவின் தலையிலிருந்து கடல் வரை ஒரே மூச்சில் இறங்குவதாக நினைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக இருக்கும்.

ஆல்ப் துவெஸ் என்ற பெயர் சைக்கிள் பிடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். டூர் த பிரான்ஸ் பந்தயம் 1952-இல் முதன்முதலாக அங்கே ஏறியது, வென்றவர் ஃபாஸ்டோ காப்பி. கீழேயிருந்து ஊருக்குப் போகும் சாலையில் 21 கொண்டை ஊசி வளைவுகள். உலகம் அந்த மலையை ஏறுகிறவர்களை வைத்துத்தான் அறியும். அதன் மறுபக்கத்தை, அது இறக்கிவிடும் விதத்தை அறிந்தவர்கள் குறைவு. அதற்காகவே இதை எழுதத் தோன்றியது.

பயிற்சி நாளில்தான் பனியைச் சக்கரத்தால் முதல்முறை தொட்டேன். இரண்டு ரோப் கார் மாறி உச்சிக்குப் போனோம். கதவு திறந்ததும் ஜூலை மாதம் காணாமல் போயிற்று. கடல் மட்டத்தில் கிடைக்கும் காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நாற்பது அடி நடந்ததற்கே இளைத்தது. எதிரே குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்கள் இறங்கும் சரென் தடம். பதினாறு கிலோமீட்டர் நீளம், கறுப்புத் தரம், அதாவது மிகக் கடினமானது என்று அவர்கள் கணக்கு.

பனி என்றால் பஞ்சு போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். கோடைப் பனியாற்றின் மேல்தளம் அப்படியில்லை. பகலில் உருகி, இரவில் உறைந்து, மறுபடி உருகி, மறுபடி உறைந்து, கடைசியில் அது கல்லுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. கையில் அள்ளினால் குருணைகள் தனித்தனியாக உருளும். காலையில் அந்த உப்பு பாளமாக இறுகிக் கிடக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏறக் குழையும். சக்கரம் போன தடங்களெல்லாம் இரவில் உறைந்து, வாய்க்கால் வாய்க்காலாக நிற்கும். அப்படியொரு வாய்க்காலில் சக்கரம் இறங்கிவிட்டால் அது போகிற இடத்துக்குத்தான் நாமும் போக முடியும்.

என் நண்பர் டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னார். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படுத்து, பட்டன்கள் பனியைக் கவ்வும். ஆனால் பனிக்குக் கீழே பாறைகள் காத்திருக்கின்றன, அங்கே காற்றில்லாத டயர் நசுங்கிக் கிழியும். மேலே ஒரு மலை, கீழே வேறொரு மலை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே டயர். முன்னால் 22 பவுண்டு, பின்னால் 25 என்று முடிவு செய்து, விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்து விட்டேன். முப்பது மீட்டர் நன்றாகப் போனது. வேகம் கூடியதும் கை தானாகவே முன் பிரேக்கை நாடியது. சாலையில் சைக்கிளை நிறுத்துவது முக்கால்வாசி முன் பிரேக்தான், இருபது வருஷப் பழக்கம். பனியில் முன் சக்கரம் பூட்டிக்கொண்ட அடுத்த கணமே அது சக்கரமாக இருப்பதை விட்டுவிடுகிறது. வழுக்கும் ஒரு சட்டம், அவ்வளவுதான். விலா தரையில் பட்டது, நான் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமுமாக இறங்கினோம். எழுந்து நின்றபோது வாயில் குருணை. நறநறவென்றது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கொள்ளிடம் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு அப்பா சொன்னபடி செய்தேன். ஹேண்டிலை இறுக்காமல் விரல்களில் மட்டும் ஏந்திக்கொண்டேன். முன் சக்கரம் தன் இஷ்டத்துக்கு இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைந்தது. அலையவிட்டேன். சீட்டை இறக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, தேவைப்படும்போது பின் பிரேக்கை மட்டும் துளித்துளியாகப் பிடித்தேன். ஒரு காலைப் பெடலிலிருந்து எடுத்து, படகின் பக்கத்துடுப்பு மாதிரி பனியில் உரசவிட்டேன். பார்வையைச் சரிவு முடியும் பாறை விளிம்பில் வைத்தேன். வண்டி நேராகியது. இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது: மணல் வேகத்தைத் தின்னும், பனி வேகத்தை வளர்க்கும். கரையிலிருந்து இறங்கினால் மணல் எப்படியும் நம்மை நிறுத்திவிடும் என்ற தைரியம் இருந்தது. பனியில் அந்தத் தைரியம் கிடையாது.

அன்றைக்கு ஓரிடத்தில் பனியிலிருந்து ஒரு மரக்கழி நீட்டிக்கொண்டிருந்தது. தடத்தைக் காட்ட நட்ட கொடிக்கம்பம் என்று நினைத்தேன். நண்பர் நின்று விளக்கினார். 1949-ஆம் ஆண்டிலிருந்து இந்தப் பனியாற்றை வருஷா வருஷம் அளக்கிறார்கள். பனிக்கட்டியைத் துளைத்து உள்ளே கழியை இறக்கிவிடுவார்கள். கோடை முடிந்ததும் வந்து, கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவு கட்டி அந்த வருஷம் போய்விட்டது என்று அர்த்தம். "நம்ம ஊர்க்காரர்கள்தான் அளக்கிறார்கள்," என்றார் நண்பர், கிரெனோபிளை மனதில் வைத்து. அந்தக் கழி என் இடுப்புக்கு மேல் தெரிந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பந்தயம்தான் அப்போது பெரிதாக இருந்தது.

பந்தயத்தன்று நான்கு மணிக்கு எழுந்தோம். இருட்டில் நூற்றுக்கணக்கான பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோப் காருக்கு வரிசையில் நின்றார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. ஃப்ரீவீல்களின் டிக் டிக் சத்தம் மட்டும், ஒரு பெரிய கடிகாரக் கடைக்குள் நிற்பது போல. முழுமுக ஹெல்மெட், முதுகுக்காப்பு, முழங்கால்காப்பு, முழங்கைக்காப்பு என்று எல்லோரும் ஒரே உருவமாக இருந்தார்கள். நண்பர் தகுதிச் சுற்றில் நல்ல இடம் எடுத்து முன் பிரிவுக்குப் போய்விட்டார். நான் பின்னால் விடப்படும் பிரிவில், பதினோராவது வரிசையில்.

மேலே சூரியன் வந்துவிட்டது. முப்பது நாற்பது பேருக்கு ஒரு வரிசையாக நிறுத்தினார்கள். என் ஹேண்டில்பாரின் வலது முனை ஒருவருடைய இடது முனைக்கு மேலே கிடந்தது, நகர்த்த இடமில்லை. முன்னால் மொத்தச் சரிவும் வெள்ளையாகத் தொங்கியது. அதற்கு அப்பால் நீலநீலமாக மலைகள். இந்தப் பந்தயத்தில் புறப்பாட்டுக்கு முன் ஒரு பாட்டைப் போடுவது வழக்கம், அலார்மா என்ற நடனப் பாட்டு. முதல் ஒலி வந்ததும் எல்லோரும் கத்தினார்கள். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் தாழ வந்தது. அதன் காற்றில் குருணைகள் எழும்பிக் கண்ணாடியில் பட்டன. என் பக்கத்தில் இருந்தவர் ஹெல்மெட்டுக்குள் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் எங்கள் ஊர் அய்யனாரை நினைத்துக்கொண்டேன். கயிறு மேலே போயிற்று.

எங்கள் வரிசை உடனே நகரவில்லை. முன்னால் பத்து வரிசை நகர்ந்து, அந்த அசைவு எங்களை வந்து சேரச் சில வினாடிகள் ஆயின. தேர் வடம் பிடித்தவர்களுக்கு அது தெரியும்: முன்னால் இழுத்தாகிவிட்டது, நம் கையில் வடம் இன்னும் தொய்வாக இருக்கும், பிறகு திடீரென்று இறுகும். இறுகியது. காலைத் தூக்கினேன்.

முதல் நூறு மீட்டரில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் சத்தம். நூற்றுக்கணக்கான டயர்கள் உறைந்த உப்பை அரைக்கும் சத்தம், ஒரு பெரிய திருகை போல. இடப்பக்கம் ஒருவர் விழுந்து, படுத்தபடியே என்னை முந்திப் போனார். அவருடைய சைக்கிள் அவருக்கும் முன்னால் போயிற்று. முன்வரிசைகள் கீறிய வாய்க்கால்கள் குறுக்கும் நெடுக்குமாக வந்தன. ஒன்றிலிருந்து தப்பிக்க முன் சக்கரத்தை லேசாகத் தூக்கி வெளியே வைத்தேன், அது நடந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்ததைக் கவனிக்கவில்லை. எதிரே ஐந்தாறு பேர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தார்கள். கை முன் பிரேக்கைத் தொட்டது.

விழுந்தவர்களின் குவியலில் நானும் சேர்ந்தேன். என் பெடல் யாருடைய சக்கரக் கம்பிகளுக்குள்ளோ மாட்டியிருந்தது. பின்னால் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் பார்த்ததை இன்றும் மறக்கவில்லை. எனக்கு முந்தி விழுந்தவர் ஒருவர், முழங்காலில் நின்றபடி, பின்னால் வருகிறவர்களுக்குக் கையை உயர்த்தி வலப்பக்கம் போ, வலப்பக்கம் போ என்று காட்டிக்கொண்டே, மறுகையால் என் பெடலைக் கம்பிகளிலிருந்து கழற்றினார். அது அவருடைய சக்கரம். ஒரு கம்பி வளைந்திருந்தது. "ஸ வா?" என்றார், சரியாக இருக்கிறாயா என்று. இருக்கிறேன் என்றேன். என் சைக்கிளை நிமிர்த்திக் கையில் கொடுத்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுத்தார்.

இந்தப் பந்தயத்தின் சிறு சிறு வீடியோக்கள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. குவியல் குவியலாக விழுவதைப் பார்த்து, பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த வீடியோக்களில் கைகள் தெரிவதில்லை. அன்றைக்கு அந்த அரைக் கிலோமீட்டரில் எத்தனை கைகள் எத்தனை பேரைத் தூக்கிவிட்டன என்பதை நான் பார்த்தேன். தனித்தனியாக விடும் பந்தயத்தில் எதிராளி ஒரு எண்தான். இங்கே அவன் மூச்சு உன் கழுத்தில் படுகிறது. அவன் விழுந்தால் நீயும் விழுவாய், அவன் எழுந்தால்தான் உனக்கு வழி. வெறும் தைரியத்தின் விளையாட்டு என்று இதைச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பனியாற்றின் அடிப்பகுதியில் வெள்ளை மெலிந்தது. குருணைக்குக் கீழே சாம்பல் நிறக் கட்டி தெரிந்தது, மேலே ஓடைகள் நெளிந்தன. தண்ணீர் கண்ணாடி போல. அந்தக் கட்டியின் மேல் டயர் போனபோது சத்தமே இல்லை, பிடிப்பும் இல்லை. சக்கரம் சுற்றுவதுகூட வீண் என்று தோன்றியது. அங்கே இரண்டாம் முறை முன் பிரேக்கைத் தொட்டேன், இரண்டாம் முறை விழுந்தேன். கையுறை கிழிந்தது. கட்டிக்குள் கறுப்பாக ஒரு சிறு கல் பதிந்திருந்தது, அதைச் சுற்றி விரல் அகலத்துக்கு உருகி ஒரு குழி, குழி நிறையத் தண்ணீர். வெயிலில் கல் சூடாகி, தன்னைத் தாங்கிய கட்டியைத் தானே உருக்கிக்கொண்டு இறங்குகிறது. மூக்குக்கு அரையடி தூரத்தில் அதைப் பார்த்தபடி இரண்டு மூச்சு கிடந்துவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு பாறை. அடுத்த ஒரு மணி நேரத்தை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அது எல்லா மலைகளிலும் கிடைக்கும். சிதறிய கற்கள், பிறகு புல்வெளி, எங்கோ மர்மோட் என்ற மலை அணில்களின் விசில், நடுவில் நெஞ்சைப் பிளக்கும் ஒரு சிறிய ஏற்றம், அதன்பின் காட்டுக்குள் வேர்களும் தூசியும். பிரேக் டிஸ்க் காய்ந்து கருகும் வாசம் அடித்தது. விரல்கள் மடங்க மறுத்தன, லீவரைப் பிடிக்க உள்ளங்கையை அழுத்த வேண்டியிருந்தது. முதலிடத்துக்காரர்கள் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் முடிக்கும் தூரத்தை நான் ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தேன். அல்மோனில் நல்ல வெயில். உடம்பெல்லாம் புழுதி. காலுறைக்குள் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது, அது உச்சியில் புகுந்த பனி.

சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டேன். அப்பாவுக்குப் பனியை விளக்குவது கஷ்டமாக இல்லை.

"மணல் மாதிரியா இருந்துச்சு?"

"ஆமாப்பா. ஆனா மணல் நம்மளப் புடிச்சு நிறுத்தும். இது நிறுத்தவே நிறுத்தாது."

"முன் பிரேக்கத் தொட்டியா?"

"ரெண்டு தடவ."

"அப்ப ரெண்டு தடவ விழுந்திருப்ப."

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "இங்க இப்ப மணலே இல்ல தம்பி," என்றார். "லாரி லாரியா அள்ளிட்டாங்க. கரைக்குக் கீழ ஆளு மட்டத்துக்குப் பள்ளம், சேறு. நீ அன்னிக்கு விழுந்தல்ல, அந்த எடத்துல இப்ப எறங்கவே முடியாது." அவர் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. செய்தி சொல்வது போலச் சொன்னார். அதற்கு மூன்று வருஷம் கழித்து அப்பா காலமானார். காரியத்துக்குப் போனபோது கரையில் ஏறி நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நாணல் மட்டும் இருந்தது.

சரென் பனியாற்றின் கதையை நான் பிறகுதான் தேடிப் படித்தேன். ஒரு பனியாறு உயிரோடு இருக்க வேண்டுமானால், குளிர்காலத்தில் விழுந்த பனியில் ஒரு பகுதியாவது அதன் மேல்பாகத்தில் கோடையைத் தாண்டி மிஞ்ச வேண்டும். அந்த மிச்சம்தான் அழுந்தி அழுந்திக் கட்டியாகும். சரென் தெற்கு நோக்கியது, உயரமும் போதாது. கோடையைத் தாண்டிப் பனி மிஞ்சும் எல்லை ஏறிக்கொண்டே போய், அதன் உச்சிக்கும் மேலே போய்விட்டது. வரவே இல்லாத கணக்கில் செலவு மட்டும் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்று கத்தியபோதே அது தன் பழைய சேமிப்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

சென்ற ஆகஸ்டில் மகளை அழைத்துக்கொண்டு பிக் ப்ளானுக்குப் போனேன். அவளுக்கு ஒன்பது வயது. அப்பா பனியில் சைக்கிள் விட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரோப் கார் கதவு திறந்தது. குளிர் இருந்தது. எதிரே சாம்பல் நிறக் கற்கள், ஈரமான சேறு, நிழல் விழும் ஒரு மூலையில் அழுக்குத் துணி போலக் கொஞ்சம் வெள்ளை. அவ்வளவுதான்.

"இங்கதானாப்பா?"

"இங்கதாம்மா."

அவள் நம்பியது போலத் தெரியவில்லை. எங்கே கயிறு கட்டினார்கள், நான் எந்த வரிசை, எங்கே விழுந்தேன் என்று கேட்டாள். காட்டினேன். காட்டிய ஒவ்வொரு இடமும் காற்றில் இருந்தது. அன்றைக்கு நாங்கள் ஓட்டிய தளம் என் தலைக்கு மேலே எங்கோ.

கொஞ்சம் கீழே கற்களுக்கு நடுவில் ஒரு மரக்கழி படுத்துக் கிடந்தது. நடுவதற்கு அதன் கீழே கட்டி மிச்சமில்லை. எடுத்துப் பார்த்தேன். வெயிலில் வெளுத்திருந்தது, ஒரு முனையில் எண் எழுதி அழிந்த தடம். நான் கை வைத்துப் பார்த்த கழியா, வேறொன்றா, தெரியாது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மகள் எனக்கு முன்னால் சரிவில் இறங்கத் தொடங்கியிருந்தாள், தூரத்து மலைகளைப் பார்த்தபடி, துள்ளித் துள்ளி. கற்கள் அவள் காலடியில் புரண்டன.

"கீழ பாத்து நட," என்று கத்தினேன். "கல்லும்மா, கீழ பாத்து."